பழைய நிலவியல் அருங்காட்சியகங்களைப் புதுப்பிக்கும் பணி: சுவருக்கு முன்னால் பதிவேடு

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் என்றால் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும்தான் இன்று பலருக்கும் நினைவில் எழுகின்றன. அந்த நிறுவனம் தொடங்கியது கற்களைக் கொண்டுதான். மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி தன்னிடம் சேர்ந்திருந்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளை அரசுக்கு வழங்க, அவற்றை அடித்தளமாக வைத்து 1851இல் எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவரின் பொறுப்பில் அருங்காட்சியகம் உருவானது. 1854இல் அது எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை கொல்கத்தாவில் தாமஸ் ஓல்டாமின் தலைமையில் தொடங்கப்பட்டதும் அதே 1851ஆம் ஆண்டில்தான். பாறையையும் புதைபடிவத்தையும் முறையாகச் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, மக்களுக்குக் காட்டும் வழக்கத்துக்குத் தென்னிந்தியாவில் 170 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

இத்தகைய பழைய தொகுப்புகளைக் கொண்ட கட்டடங்கள் உலகெங்கும் இப்போது ஒரே கட்டத்தை எட்டியிருக்கின்றன. கூரை ஒழுகுகிறது, மின்கம்பிகள் பழசாகிவிட்டன, கண்ணாடி அலமாரிகள் மங்கிவிட்டன, விளக்கப் பலகைகளில் இருக்கும் அறிவியல் காலாவதியாகிவிட்டது. எனவே புதுப்பிக்கிறார்கள், புதுப்பிக்கவும் வேண்டும். வேலூர்க் கோட்டைக்குள் இயங்கும் அரசு அருங்காட்சியகத்திலும் நிலவியல் பகுதி இருப்பதால் இது நமக்கும் அயலான செய்தி அன்று. இந்தப் பணியில் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சுவரையும் விளக்கையும் தொடுவதற்கு முன்னால் பதிவேட்டையும் அடையாளச் சீட்டையும் காக்க வேண்டும். ஒரு நிலவியல் தொகுப்பில் முதலில் அழியக்கூடியவையும், அழிந்தால் எந்தச் செலவாலும் மீட்க முடியாதவையும் அவையே.

இதற்குக் காரணம் அந்தப் பொருள்களின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு சோழர் காலச் செப்புத் திருமேனி எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தது என்பது மறைந்துபோனாலும், அதன் அமைதியையும் வார்ப்பையும் பார்த்து அறிஞர்கள் காலத்தையும் மரபையும் பெருமளவு சொல்லிவிடுவார்கள். கல்லுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. சாம்பல் நிற நைஸ் பாறைத் துண்டு ஒன்று ஆம்பூரிலிருந்து வந்ததா, ஆந்திரத்தின் பலமநேரிலிருந்து வந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புதைபடிவத்தின் நிலை இன்னும் கடினமானது. சுருள் ஓடு கொண்ட கடலுயிரான ஓர் அம்மோனைட் எந்த ஊரில், எந்த ஓடைக் கரையில், எந்தப் படுகையின் எந்த அடுக்கில் கிடைத்தது என்பது தெரிந்தால்தான் அது ஆய்வுக்குப் பயன்படும். அந்தச் செய்தி முழுவதும் பெரும்பாலும் இரண்டு விரல் அகலமுள்ள ஒரு காகிதச் சீட்டிலும், கல்லின் ஓரத்தில் வண்ணத்தால் எழுதிய ஓர் எண்ணிலும் அடங்கியிருக்கும். சீட்டு தொலைந்த மாதிரி, பட்டா இல்லாத நிலம் போன்றது. பொருள் கண்ணெதிரே இருக்கும், அதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது.

பதிவின் வலிமைக்கு ராபர்ட் புரூஸ் ஃபூட் நல்ல சான்று. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் என்று பள்ளிப் பாடங்களில் அவரைப் படித்திருப்போம். தொழிலால் அவர் நிலவியல் ஆய்வுத்துறை அலுவலர். பாலாற்றுக்கு வடக்கே அமைந்த சென்னை, வட ஆற்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியலைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1873இல் அத்துறையின் வெளியீடாக வந்தது. அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தொல்பொருள்களை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அவற்றின் விளக்கப் பட்டியல் அவர் மறைந்த பிறகு 1914இலும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916இலும் அச்சாயின. நூறு ஆண்டுகள் கடந்தும் ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரும்பச் செல்ல முடிகிறது என்றால், கிடைத்த இடத்தை அவர் ஒவ்வொன்றாக எழுதிவைத்ததே காரணம்.

வேலூர் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தைப் பொறுத்தவரை இந்தச் சீட்டு விவகாரம் இன்னும் நுட்பமானது. பழைய சீட்டொன்றில் வட ஆற்காடு மாவட்டம் என்று மட்டும் எழுதியிருந்தால், அது எந்த நிலத்தைக் குறிக்கிறது என்பது சீட்டு எழுதப்பட்ட ஆண்டைப் பொறுத்தது. 1911க்கு முன்பு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். சித்தூர், சந்திரகிரி, பலமநேர், திருத்தணி ஆகியவை எல்லாம் வட ஆற்காட்டுக்குள் இருந்தன. அந்த ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது வேலூர் தலைநகரானது. சேலம் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் தாலுகாவும், தென்னாற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தாலுகாவும் அப்போதுதான் வந்து சேர்ந்தன. ஆகவே 1880களில் ஏலகிரி அடிவாரத்தில் எடுத்த ஒரு பாறைக்குச் சேலம் என்று சீட்டு இருப்பதும், திருத்தணிப் பக்கத்துக் கல்லுக்கு வட ஆற்காடு என்று இருப்பதும் இயல்பே. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. புதுப்பிக்கும் ஆர்வத்தில், பழைய சீட்டைக் களைந்துவிட்டு, சேலம் என்றிருந்ததை இன்றைய சேலம் மாவட்டம் என்று கணினியில் அடித்துப் புதுச் சீட்டு ஒட்டினால், கல் தன் சொந்த ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். அதற்குப் பிறகு அதைத் திருத்துவதற்கு வழியே இருக்காது. பழைய எழுத்தை எழுதியவாறே காப்பதும், இன்றைய மாவட்டப் பெயரைத் தனிக் களத்தில் சேர்ப்பதும்தான் சரியான முறை. வாண்டிவாஷ் (வந்தவாசி), டிரிச்சினோபொலி (திருச்சிராப்பள்ளி) போன்ற பழைய எழுத்துக்கூட்டல்களுக்கும் இது பொருந்தும். பழைய டிரிச்சினோபொலி மாவட்டப் புதைபடிவங்கள் பலவும் இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களைச் சேர்ந்தவை.

எனவே வேலை நடக்க வேண்டிய வரிசை தானாகவே தெளிவாகிறது. கூடத்தைக் காலி செய்வதற்கு முன் ஒவ்வொரு அலமாரியையும், ஒவ்வொரு இழுப்பறைத் தட்டையும் இருந்த நிலையிலேயே படம் எடுக்க வேண்டும். எந்தச் சீட்டு எந்தக் கல்லின் அருகில் கிடந்தது என்பதுகூட ஒரு சான்று. கல்லில் உள்ள எண், சீட்டில் உள்ள எண், பதிவேட்டில் உள்ள எண் ஆகிய மூன்றையும் ஒப்பிட வேண்டும். ஒத்துவராதவற்றை அவசரப்பட்டுத் திருத்தாமல், ஒத்துவரவில்லை என்றே குறித்து வைக்க வேண்டும். பதிவேட்டின் பக்கங்களைப் படியெடுத்து வேறோர் ஊரில் ஒரு பிரதியைச் சேமிக்க வேண்டும். இவை முடிந்த பிறகுதான் மாதிரிகளைப் பெட்டிகளில் அடுக்க வேண்டும். கண்காட்சிக்கு வைக்காமல் கிடங்கில் கிடக்கும் துண்டுகளைக் குப்பை என்று கருதிக் கழித்துவிடும் ஆபத்து இந்தக் கட்டத்தில்தான் மிகுதி. ஒரு புதைபடிவ இனத்துக்கு முதன்முதலாகப் பெயர் சூட்டியபோது ஆய்வுக்கு எடுத்த மூலமாதிரி, பார்வைக்கு மிகச் சாதாரணமான உடைந்த சிப்பியாக இருக்கக்கூடும். உலகில் அந்த இனத்தின் பெயர் நிற்பது அந்த ஒரு துண்டின்மேல்தான்.

கல் அழியாது என்னும் பொதுநம்பிக்கையும் புதுப்பிப்புப் பணிகளில் பெருங்கேடு விளைவிக்கிறது. பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு கலந்த புதைபடிவங்கள் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைகின்றன. காற்றின் சார்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது பைரைட் ஆக்சிசனோடும் நீரோடும் வினைபுரிந்து இரும்புச் சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறுகிறது. புதிதாக உருவாகும் உப்புக்கு இடம் கூடுதலாகத் தேவைப்படுவதால் உள்ளிருந்தே கல் பிளக்கிறது. வெளியே மஞ்சளும் வெண்மையும் கலந்த தூள் படிகிறது. அமிலம் அத்தோடு நிற்பதில்லை. அட்டைப்பெட்டியையும் காகிதச் சீட்டையும் அரித்துவிடுகிறது. இதைத் தடுக்க விலையுயர்ந்த குளிர்சாதனம்தான் வேண்டும் என்பதில்லை. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதத்தைத் தாழ்வாக நிலைநிறுத்தினாலே சிதைவு பெரிதும் அடங்கும். பகலில் குளிர்சாதனத்தை ஓட்டி இரவில் நிறுத்திவிடும் வழக்கம், ஒவ்வொரு நாளும் ஈரப்பதத்தை ஏற்றி இறக்கி, எலும்பு, களிமண்பாறை போன்றவற்றுக்குத் தீங்கே செய்யும்.

சிப்பி, அம்மோனைட் போன்ற சுண்ணாம்புப் பொருள்களுக்கு வேறொரு பகை உண்டு. மரப்பலகையிலிருந்தும் பசையிலிருந்தும் வெளியேறும் அசெட்டிக் அமில ஆவியும் ஃபார்மிக் அமில ஆவியும் அவற்றின் மேல் வெள்ளை உப்பைப் பூக்கச் செய்து மேற்பரப்பை அழிக்கின்றன. மூடிய கண்ணாடி அலமாரிக்குள் இந்த ஆவி தேங்குவதால் பாதிப்பு கூடுகிறது. புதுப்பிப்பு என்ற பெயரில், பல பத்தாண்டுகள் நன்கு காய்ந்த மர அலமாரிகளை அகற்றிவிட்டு, பளபளப்பான மேற்பூச்சு கொண்ட ஒட்டுப்பலகைப் பெட்டிகளைச் செய்து, வண்ணம் உலரும் முன்பே அரியலூர்ச் சிப்பிகளை உள்ளே வைத்துப் பூட்டினால், திறப்புவிழாவன்று அழகாகத் தெரியும் கூடம் சில ஆண்டுகளில் தன் பொருள்களைத் தானே தின்னத் தொடங்கும். பெட்டி உலோகத்தால் ஆனதாக இருப்பது நல்லது. மரம்தான் வேண்டும் என்றால், அதற்கு ஆவி விட்டுத் தீரும் அவகாசத்தை ஒப்பந்தக் காலத்திலேயே ஒதுக்க வேண்டும்.

ஒளியும் சில கனிமங்களைக் கெடுக்கும். செவ்வந்திக்கல் வலுவான ஒளியில் நிறம் வெளிறும்; ரியல்கார் என்னும் சிவந்த ஆர்செனிக் சல்பைடு மஞ்சள் தூளாக உதிரும். தென்கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால் அதைக் காற்றோட்டமுள்ள தனிப்பெட்டியிலும், நார் உதிர்க்கும் கல்நாரை இறுக மூடிய பெட்டியிலும் வைக்க வேண்டும். பழைய ஒட்டுவேலையில் அரக்கும் விலங்குப்பசையும் பாரிஸ் சாந்தும் பயன்பட்டிருக்கும். இப்போது பாராலாய்டு பி-72 போன்ற, பின்னாளில் கரைத்து எடுக்கக்கூடிய பிசினையே பாதுகாப்பு வல்லுநர்கள் விரும்புகிறார்கள். இவ்வகைப் பணிக்குத் தமிழ்நாட்டில் வெளியாரைத் தேட வேண்டிய தேவை அதிகம் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் நிறுவப்பட்டு, எஸ். பரமசிவன் செப்புத் திருமேனிகளின் களிம்பை மின்பகுப்பால் நீக்கும் முறையில் முன்னோடியாக விளங்கினார். அந்த மரபைக் கற்களுக்கும் விரிவுபடுத்துவதே நாம் செய்ய வேண்டியது.

இனி, காட்சி அமைப்பு. இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள ஸ்கார்பரோ நகரின் ரொடண்டா அருங்காட்சியகம் 1829இல் திறக்கப்பட்டது. 1815இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்ட வில்லியம் ஸ்மித்தின் கருத்துப்படி அது வட்டக் கட்டடமாக எழுந்தது. ஒவ்வொரு பாறையடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவங்கள் உண்டு என்பதை வாய்க்கால் வெட்டும் பணிகளில் கண்டறிந்தவர் அவர். அந்த உண்மையே கட்டடத்தின் அமைப்பாயிற்று. புதைபடிவங்களை மண்ணில் கிடக்கும் வரிசையிலேயே, பழையவை கீழும் புதியவை மேலுமாக, வட்டச் சுவரைச் சுற்றி அடுக்கினார்கள். அவருடைய சகோதரி மகன் ஜான் பிலிப்ஸ், யார்க்ஷயர்க் கடற்கரையின் பாறைவெட்டுமுகத்தைச் சுவரின் மேற்பகுதியில் ஓவியமாகத் தீட்டினார். 2008இல் அந்தக் கட்டடம் பெருஞ்செலவில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறந்தபோது, மேல்மாடி வட்டக்கூடமும் அந்த ஓவியமும் காக்கப்பட்டன. ஏனெனில் அங்கே கூடமே முதல் காட்சிப்பொருள். அதை இடித்துவிட்டுத் தொடுதிரை வைத்திருந்தால், ஸ்மித்தின் சிந்தனையை நேரில் காட்டும் ஒரே சான்று போயிருக்கும்.

அறிவியல் மாறிவிட்ட இடத்தில் என்ன செய்வது என்பதற்கு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பீபாடி அருங்காட்சியகம் ஒரு விடை தருகிறது. 1931இல் நிறுத்திய புரோண்டோசாரஸ் என்னும் டைனோசரின் எலும்புக்கூடு வாலைத் தரையில் இழுத்தபடி நின்றது; இன்றைய அறிவின்படி அது தவறு. பல ஆண்டு மூடலுக்குப் பிறகு 2024இல் திறந்தபோது வால் நிலத்தைத் தொடாமல் நீண்டு நின்றது. ஆனால் அதே கூடத்தில் 1947இல் ருடால்ஃப் சாலிங்கர் வரைந்து முடித்த நெடும் சுவரோவியத்தை அவர்கள் அழிக்கவில்லை, அதில் பழைய கருத்தின் சுவடுகள் இருந்தபோதிலும். எலும்பு இயற்கையின் சான்று, ஆகவே அதைப் புதிய அறிவின்படி நிறுத்த வேண்டும். ஓவியம் மனித அறிவின் சான்று, ஆகவே அதை அது தோன்றிய காலத்தின்படி விட்டுவிட வேண்டும். இந்தப் பிரிவினையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

வேலூருக்கு இதைப் பொருத்திப் பார்க்கும்போது ஓர் இயற்கை உண்மையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கோட்டையைச் சுற்றியுள்ள மலைகளில் புதைபடிவம் தேடிப் பயனில்லை. இவை பெரும்பாலும் சுமார் 250 கோடி ஆண்டு பழமையான நைஸ், சார்னோகைட் பாறைகள். பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அவை உருவான காலத்தில் எலும்போ ஓடோ கொண்ட உயிர்களே தோன்றியிருக்கவில்லை. சார்னோகைட்டுக்கு அப்பெயர் வந்த வரலாறு நமக்கு அண்மையானது: கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகை சென்னைப் பக்கத்துக் கல் என்பதைக் கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, அந்தப் பாறைவகைக்குச் சார்னோக்கின் பெயரையே சூட்டினார். நமக்குக் கிட்டத்தில் புதைபடிவம் வேண்டுமென்றால் கிழக்கே திருப்பெரும்புதூர், சத்தியவேடு பகுதிகளின் கோண்டுவானா என்னும் பழம்பெருங்கண்டக் காலப் படிவுகளுக்குத்தான் செல்ல வேண்டும். 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கிரெட்டேசியஸ் காலத்துத் தைலோஃபில்லம் போன்ற தாவரங்களின் இலைப்பதிவுகள் அங்குள்ள மென்மையான களிமண்பாறைகளில் கிடைக்கின்றன. ஃபூட் 1873 அறிக்கையில் விளக்கியவையும் அந்தப் படிவுகளே.

ஆகவே இங்குள்ள நிலவியல் பகுதியைப் புதுப்பிக்கும்போது, எங்கிருந்தோ ஒரு டைனோசர் பொம்மையை வரவழைத்து வாசலில் நிறுத்துவதைவிட, பாலாற்றுப் படுகையின் கல்வரலாற்றை ஊர்ப்பெயர்களோடு சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. சொல்வதற்குப் பஞ்சமே இல்லை. ஏலகிரி மலையின் சயனைட், நெருப்புக் குழம்பு நிலத்துக்கடியில் மெல்லக் குளிர்ந்து உறைந்த பாறை. திருப்பத்தூர் அருகே சேவத்தூரில் இருக்கும் கார்பனடைட், 77 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவான, உலகில் அரிதாகவே காணப்படும் சுண்ணாம்புக் குழம்புப்பாறை. அங்கே தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டியெடுக்கும் வெர்மிகுலைட், சூடாக்கினால் பன்மடங்கு உப்பும் தன்மையுள்ளது. ஆலங்காயத்தைச் சுற்றிப் பாரைட் என்னும் பேரியம் கனிமத்தின் நரம்புகள் ஓடுகின்றன. பையம்பள்ளிப் புதிய கற்கால மக்கள் வழவழப்பாகத் தேய்த்துச் செய்த கற்கோடரிகளைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுப் பாறைகளைத் தனியறையில் வைப்பது துறைப்பிரிவுக்கு வசதியாக இருக்கலாம். பார்க்க வரும் மாணவருக்கோ, எந்தப் பாறையிலிருந்து அந்தக் கோடரி பிறந்தது என்பதை அருகருகே காட்டுவதுதான் பயன்படும். கூடத்தை விட்டு வெளியே வந்தால் கோட்டை மதிலே கருங்கல்லின் மாபெரும் காட்சி. அகழிக்கரையில் நின்று கல்லில் உள்ள வெண்படிகத்தையும் கருப்புக் கோடுகளையும் அடையாளம் காணக் கற்றுத்தரும் ஒரு சிறு பலகைக்குப் பெரிய செலவு ஆகாது.

கோட்டை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். 2010இல் திருத்தப்பட்ட 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு. ஆகவே உள்ளே ஓர் ஆணி அடிப்பதற்கும் உரிய இசைவு தேவைப்படும், காலம் பிடிக்கும். இதைத் தடையாகக் கருதுவோர் உண்டு. பழைய கட்டடத்துக்கு அந்த நிதானம் நன்மையே செய்கிறது. சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமென்ட் பூசி, எண்ணெய் வண்ணம் தீட்டினால் ஈரம் உள்ளேயே சிக்கி, ஐப்பசி கார்த்திகை மழையில் சுவரோரம் இருக்கும் அலமாரிக்குள் இறங்கும். கடுக்காயும் வெல்லமும் சேர்த்த காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கே அந்த வேலையைத் தர வேண்டும். மின்கம்பி விஷயத்தில் மட்டும் பழமைக்கு இடமே தரலாகாது. 2016 ஏப்ரல் 26 அன்று டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீக்கிரையானபோது, கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் தாங்கிய டைனோசர் எலும்பும் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தது.

அரசுப் பணிகளில் மதிப்பீடு தயாரிக்கும்போது கூரை, தளம், மின்சாரம், கண்ணாடிப்பெட்டி, வண்ணப்பூச்சு என்று கட்டுமானத் தலைப்புகளை எழுதுவது எளிது. பதிவேடு ஒப்பீட்டை அப்படி ஒரு தலைப்பாக எழுதும் பழக்கம் வரவேண்டும். ஓரிரு காப்பாட்சியர்கள் தம் அன்றாட அலுவலுக்கிடையே அதைச் செய்து முடிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயம் அன்று. சென்னை மாநிலக் கல்லூரியிலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில், உதவித்தொகையோடு, அவர்களைக் கூடம் மூடப்படுவதற்கு முன்பே இந்தப் பணியில் அமர்த்தலாம். ஒப்பந்தப்புள்ளி கோருவது, எண்ணும் சீட்டும் பதிவேடும் பொருந்திய பட்டியலில் காப்பாட்சியர் கையொப்பமிட்ட பிறகே நடக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்.